பாலியேட்டிவ் பிரிவுக்குப் போகச் சொன்னால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?

அம்மாவின் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது, டாக்டர் பாலியேட்டிவ் பிரிவுக்குப் போகச் சொல்லி மார்பின் மாத்திரையும் எழுதியிருக்கிறார், கொடுக்கப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கைவிட்டதாக அர்த்தமில்லை. பாலியேட்டிவ் என்பது நோயாளியின் வலியையும் அவதியையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் பிரிவு, மார்பின் கடும் வலிக்கான மருந்து. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். நாங்கள் கொடுக்காமல் வைத்திருந்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய், முதுகெலும்பு வரை வந்திருந்தது. மார்பின் என்றதும் அத்தை, "அது கடைசியில கொடுக்கிறதுப்பா" என்றார். அந்த ஒரு பேச்சில் மாத்திரை அட்டை பீரோவுக்குள் போனது. பதினெட்டு நாள். படுத்தால் வலி என்று அப்பா ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டால் "பரவாயில்லை" என்பார். நாங்களும் நம்பினோம், நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

பிறகு வீட்டுக்கு வந்த சிஸ்டர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, வலி பத்துக்கு எத்தனை?" என்றார். அப்பா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

அன்றே ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் ராத்திரி அப்பா கட்டிலில் படுத்துத் தூங்கினார். காலையில் காபியும் பேப்பரும் கேட்டார். அதற்குப் பிறகும் ஐந்து மாதம் எங்களோடு இருந்தார்.

சாதாரண மார்பின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலிக்கு ஏற்ப டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். இப்படிக் கொடுத்தால் அது உயிரைக் குறைக்காது. போதைப் பழக்கமாகிவிடும் என்ற பயமும் பெரும்பாலும் தேவையில்லாதது. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், அதற்கான மருந்தை அன்றே கேட்டு வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடி அப்படி. 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைப்பது எளிதாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சேவையும் (பாலியேட்டிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) உண்டு.

எங்கள் சிஸ்டர் பயிற்சி எடுத்தது கோழிக்கோட்டில். 1993இல் அங்கே மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய பாலியேட்டிவ் சங்கம், பிறகு அக்கம்பக்கத்து ஜனங்களையே பழக்கி நோயாளியின் வீட்டுக்கு அனுப்பியது. அதே வழியில் அவர் எங்களையும் பழக்கினார். புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, ஈரத் துணியால் வாயைத் துடைப்பது எல்லாம் தம்பிகூடக் கற்றுக்கொண்டான். கடைசி வாரம் அப்பா சாப்பாட்டை நிறுத்தியபோது அம்மா டிரிப்ஸ் போடச் சொல்லி அழுதார். "உடம்பு இப்ப அதை ஏத்துக்காதும்மா, நெஞ்சுல சளி கட்டி மூச்சுதான் திணறும்" என்று சிஸ்டர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

ஒரு நோட்டு போடுங்கள். தினம் காலையும் ராத்திரியும் அம்மாவிடமே கேட்டு, பத்துக்கு எத்தனை என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் நோட்டில் முதல் பக்கம் பத்து. கடைசிப் பக்கத்தில் இரண்டு.