முதுகெலும்பு வளைவுக்கு வீட்டுப் பயிற்சி போதுமா?

மகளுக்கு 13 வயது, முதுகெலும்பு 22 டிகிரி வளைந்திருக்கிறது, மதுரைக்கு வந்து போக முடியவில்லை, யோகா வீடியோ பார்த்துச் செய்யலாமா என்று திருமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பொதுவான வீடியோ வேண்டாம். இந்தப் பயிற்சி ஒவ்வொரு பிள்ளையின் வளைவுக்கும் தனித்தனி. எலும்பு வளைவதோடு திருகியும் இருப்பதால் ஒரு பக்க விலா புடைத்து, மறுபக்கம் குழிந்திருக்கும். ஷ்ராத் என்ற, முதுகு வளைவுக்கான பயிற்சி முறையில் முதுகை நீட்டி நிமிர்த்தி, அந்தக் குழிந்த பக்கத்துக்குள் மூச்சை நிரப்பப் பழக்குவோம். 2020 கொரோனா ஊரடங்கில் இதை வீடியோ காலில்தான் சொல்லிக்கொடுத்தேன், உங்கள் மகளுக்கும் அப்படியே செய்யலாம். பிள்ளையின் அம்மா குழிந்த விலாமேல் உள்ளங்கையை வைத்திருப்பார். மூச்சு சரியாகப் போனால் அந்தக் கை மெல்ல வெளியே தள்ளப்படும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! பீரோ கண்ணாடி நடுவே ஒரு நூலைத் தொங்கவிடுங்கள், அவளே தன் சாய்வைத் திருத்திக்கொள்வாள். அப்புறம், வீடியோ காலில் நான் பார்க்க, போனை அவளுக்குப் பின்னால் ஸ்டூல்மேல் வையுங்கள், முதுகு முழுசாகத் தெரியவேண்டும்.

வளரும் வயதில் 25 டிகிரியைத் தாண்டினால் பிரேஸ் (உடம்பைச் சுற்றி அணியும் தாங்கு கவசம்) தேவைப்படலாம். பயிற்சி அதற்கு மாற்று இல்லை. உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில்தான் வளைவும் அதிகம் கூடும், அதனால் எக்ஸ்ரே தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். கால் மரத்தாலோ, ராத்திரி வலியில் விழித்தாலோ தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்.