பழைய அதிர்ச்சியிலிருந்து மீள "உன்மேல் நீயே கருணை காட்டு" என்கிறார்களே, நடைமுறையில் அது எப்படி?

கேள்வி கேட்டவர் நாலு வரிதான் எழுதியிருக்கிறார். சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்று இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது, வீட்டில் சொன்னால் "இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்கே" என்கிறார்கள், தேடிப் பார்த்தால் கருணை, நோக்கத்தோடு வாழ்தல் என்று பெரிய பெரிய வார்த்தைகளாக வருகிறது, என்ன செய்வது என்று புரியவில்லை. என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, எழுத வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த "இன்னுமா" இருக்கிறதே, அதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டிலும் நல்லவர்கள்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நல்லவர்கள்தான் இதை அதிகம் சொல்வார்கள்.

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறவள். "இதெல்லாம் பணக்கார வியாதி" என்று கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் போனது அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு. மாத்திரை முதற்கொண்டு இலவசம்.

2015 டிசம்பர் 1 அன்று நாங்கள் ஜாபர்கான்பேட்டையில், காசி தியேட்டர் பக்கம், தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அடையாறு நடந்து போகிற தூரம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்தது. தெருப்பக்கம்தான் வரும் என்று வாசற்படியில் கோணியும் பழைய துணியும் அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அது பாத்ரூம் ஜல்லடை வழியாகக் குமிழ் குமிழாக மேலே வந்தது. கறுப்பாக, சாக்கடையும் மண்ணெண்ணெயும் கலந்த நாற்றத்தோடு. ஹாலுக்கு வரும்போது கணுக்கால் அளவு, பீரோவைத் திறப்பதற்குள் முழங்கால். கரண்ட் போய்விட்டது. மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடி வீட்டுக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் "என் மாத்திரை டப்பா, என் மாத்திரை டப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கீழே பிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. அரிசி டிரம் சுவரில் இடிக்கிற சத்தம் விடிகிறவரை கேட்டது. மறுநாள் மீனவர்கள் படகு கொண்டுவந்து எங்களை இறக்கினார்கள். அவர்கள் எந்தக் குப்பத்துக்காரர்கள் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாரும் பிழைத்தோம். அதனாலேயே எதையும் சொல்ல முடியாமல் போனது. "உயிர் தப்பிச்சீங்களே, அது போதாதா?" "ஆத்தோரம் குடிசை போட்டிருந்தவங்களைப் பாருங்க." அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை, குடிசையில் இருந்தவர்கள் இழந்ததற்கு முன் எங்கள் பிரிட்ஜ் ஒன்றுமே இல்லைதான். ஆனால் என் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. ஐப்பசி பிறந்தால் தூக்கம் போய்விடும். ராத்திரி எழுந்து டார்ச் அடித்து ஜல்லடையைப் பார்ப்பேன், படுப்பேன், திரும்ப எழுந்து பார்ப்பேன். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. இன்றைக்கு எத்தனை அடி என்று அடுப்படியில் நின்றுகொண்டே போனில் தேடிக்கொண்டிருப்பேன். ஆபீசில் மழைச் சத்தம் கேட்டால் விரல் நுனி சில்லிட்டுப் போகும்.

இங்கே கொஞ்சம் வேறு விஷயம். வெள்ளம் வடிந்து நாங்கள் வீட்டைக் காலி செய்தபோது, பத்து மாச அட்வான்ஸில் பெயின்ட் அடிக்கிற செலவு என்று ஒரு தொகையை ஓனர் பிடித்துக்கொண்டார். ஆறு வந்து போன சுவருக்கு நாங்கள் பெயின்ட் காசு கொடுக்க வேண்டுமாம்! ஆணி அடித்த ஓட்டையையும் எண்ணிக் காட்டினார். பிறகு 2019-ல் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் சரியாம். அந்த இடுக்கு வழியாகத்தான் ஓனர்கள் எல்லாரும் புகுந்து வருகிறார்கள். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் மழை பெய்தால் எனக்கு அந்த ஆளின் முகமும் சேர்த்துத்தான் ஞாபகம் வரும்.

சரி. பிரஷருக்குப் பார்க்கிற டாக்டர்தான் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் "கீழ்ப்பாக்கமா?" என்று சிரித்தார். 1794-லிருந்து வேர் விட்ட ஒரு மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நம் ஆட்கள் திட்டுகிற வார்த்தையாக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் அந்த ஒரு கேலிக்குப் பயந்தே போகாமல் இருக்கிறார்களோ. (நான் போனது வேறு ஆஸ்பத்திரி. அதுவாகவே இருந்தாலும் என்ன?)

அங்கே ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மா. கருணை, அன்பு என்று எதுவுமே பேசவில்லை. அந்த ராத்திரியை இப்போது நடப்பது போல, முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொன்னார். அடுத்த தடவையும் அதையே. அதைப் போனில் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். ஆரம்பத்தில் தூக்கம் இன்னும் மோசமானது. இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன், பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். தனியாக வீட்டில் இதைச் செய்து பார்க்கவும் வேண்டாம்.

நான் ஒவ்வொரு தடவையும் ஓர் இடத்தைத் தாண்டிக் குதிக்கிறேன் என்று அவர்தான் கண்டுபிடித்தார். மாடிப்படியில் என் மகள், அப்போது சின்னப் பெண், "அம்மா, நாம செத்துடுவோமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. தாயாக இருந்துகொண்டு ஒரு வார்த்தை வரவில்லையே என்றுதான் அத்தனை வருடமும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான்: "அப்ப உங்க கை எங்க இருந்தது?" யோசித்துப் பார்த்தால், வலது கையில் அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கியிருந்தேன். இடது கையில் அவளுடைய ஸ்கூல் பை. அது எனக்கு அதுவரை ஞாபகத்திலேயே இல்லை. அரை இருட்டில், முழங்கால் தண்ணீரில், ஒரு பிள்ளையையும் அதன் பையையும் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன். அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அதனால் எனக்குத் தெரிந்த கருணை, கண்ணாடி முன் நின்று "நீ நல்லவள்" என்று சொல்வதில்லை. அன்றைக்கு உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதை விட்டுப்போகாமல் ஞாபகப்படுத்திப் பார்ப்பது. இப்போது இருக்கிற புத்தியை வைத்துக்கொண்டு அன்றைக்கு இருந்தவரை விசாரிக்காமல் இருப்பது. உங்களுக்கு நடந்தது வெள்ளம் இல்லாமல் வேறு ஏதாவது, வெளியே சொல்ல முடியாததாகக்கூட இருக்கலாம். எல்லாருக்கும் இதே வழி ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை.

நோக்கத்தோடு வாழ்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பயத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அந்த அம்மாவோடு உட்கார்ந்து முடிவு செய்தோம். முதல் மாடி வீடு, பத்திரங்கள் வைத்த பிளாஸ்டிக் கவர், ஏரி அளவை காலையில் ஒரு தடவை பார்ப்பது, இவை இருக்கட்டும். டார்ச் போகட்டும். டார்ச் போகத்தான் நாளானது. அப்புறம் நானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று: மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் பில்டிங்கில் கீழே இருக்கிற வயதானவர்களிடம் போய் என்னென்ன மாத்திரை என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனபோது, கீழ் வீட்டுப் பாட்டியை மேலே கூட்டி வருவதற்கு முன்பே அவருடைய டப்பா என் கையில் இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்ததா என்றால் வரவில்லை. முழுதாக மீண்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

நடந்தது முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் கனவு, திடுக்கிடல், அந்தப் பக்கமே போகாமல் தவிர்ப்பது இதெல்லாம் விடவில்லை என்றால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு வருடக்கணக்காகிவிட்டது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசு நடத்துகிற மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். தனியாரிடம் போவதென்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள், ஏனென்றால் இப்போது யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் ஓ.பி. காலையில்தான், சீக்கிரமே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், உள்ளே போகும்போது அவரை வெளியே உட்காரச் சொல்லிவிடுங்கள். "இன்னுமா" என்று கேட்கிற ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.