பொய் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. போன வருடம் வாரக்கணக்கில் தூங்கவில்லை. சாப்பாட்டில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று சொல்லிச் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டான். பல் டாக்டரிடம் போகிறோம் என்று பொய் சொல்லி மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பேர் பரிசோதித்த பிறகு, நான்தான் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தேன். 24 நாள் இருந்தான். இப்போது நன்றாகி வேலைக்கும் போகிறான். ஆனால் என்னோடு பேசுவதே இல்லை. சட்டப்படி நான் செய்தது சரிதானே?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சட்டப்படி சரிதான் அம்மா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருப்பவரை, ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ என இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒத்துக்கொண்டால், 30 நாள் வரை சேர்க்கலாம். தானே முடிவெடுக்கும் நிலைக்கு அவர் திரும்பிவிட்டாரா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்க்கவும் வேண்டும்.

ஆனால் உங்கள் தம்பியின் கோபம் அந்தக் கையெழுத்தின் மேல்தானா?

மனநல வார்டில் 31 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ஆரம்ப காலத்தில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு காரிலிருந்து இறங்கினான். அவன் கையிலிருந்த பையை வாங்கி வைத்தவள் நான். பூட்டிய கதவைப் பற்றியோ ஊசியைப் பற்றியோ அவன் பிறகு எதுவும் சொன்னதில்லை. அம்மா பார்க்க வரும்போதெல்லாம் ஒன்றையே கேட்பான்: "கல்யாணம்னு ஏம்மா சொன்னே?" அந்தம்மாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஏனென்றால், "எதுவும் சொல்லாமல் கூட்டி வாங்க, அதுதான் சுலபம்" என்று எத்தனையோ குடும்பங்களுக்கு யோசனை சொன்னவர்களே நாங்கள்தான்.

வீட்டு வாசலில் சொல்லப்படும் அந்தப் பொய் எந்தப் படிவத்திலும் வராது. அதனால் அது தப்பில்லை என்று ஆகிவிடாது. தன் மனசையே நம்ப முடியாமல் தவிக்கிறவருக்கு மிச்சம் இருப்பது கூட இருப்பவர்களின் வார்த்தைதான். அதையும் நாம் எடுத்துவிடுகிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006 ஐ.நா. உடன்படிக்கை, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது. அதை வைத்து, சம்மதமில்லாமல் சேர்ப்பதே கூடாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது முழுக்க உடன்பாடில்லை. தண்ணீர்கூடக் குடிக்க மறுத்து உதடு வெடித்துக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சேர்க்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் "ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம், நீ வேண்டாம் என்கிறாய், ஆனாலும் கூட்டிப்போகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அவன் கத்தியிருப்பான், ஓடக்கூடப் பார்த்திருப்பான். அப்படியும் அதுதான் நேர்மை.

சரி, இப்போது என்ன செய்வது? அவனிடம் போய், "பல் டாக்டர் என்று சொன்னது பொய், அது தப்பு" என்று மட்டும் சொல்லுங்கள். "உன் நல்லதுக்குத்தானே" என்று சேர்க்காதீர்கள். மன்னிப்பை அன்றைக்கே எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அப்புறம் ஒரு நாள், அவனாகப் பேச வந்தால், அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் பற்றிச் சொல்லுங்கள். நாளைக்கு மறுபடி முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே அவன் எழுதிவைக்கலாம். தனக்காக யார் பேச வேண்டும் என்பதையும் அவனே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பெயர் உங்களுடையதாக இல்லாமல் போகலாம். வலிக்கும்தான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் கேட்டால் மட்டும், ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "என்னை எங்கே கூட்டிப்போனாலும் எங்கே என்று உண்மையைச் சொல்ல வேண்டும்."