வெர்டெக்ஸ் ஷேடரில் அலையடிக்கும் மெஷ், விளக்கு வைத்தால் மட்டும் ஏன் தட்டையாகத் தெரிகிறது? அதற்கு நார்மலை எப்படி உருவாக்குவது?

கேட்டவர் டச்டிசைனர் என்ற காட்சிக்கலை மென்பொருளில் ஒரு கட்டத் தளத்தை, அதாவது முக்கோணங்களால் ஆன மெஷ் ஒன்றை எடுத்து, அதன் மூலைப்புள்ளிகளான வெர்டெக்ஸ்களை நகர்த்தும் சிறு நிரலான வெர்டெக்ஸ் ஷேடரில் நாய்ஸ் எனும் சீரற்ற ஏற்ற இறக்கம் கொடுத்து, புள்ளிகளை மேலும் கீழும் அசைத்திருக்கிறார். கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃபிரேமில் பார்த்தால் அலை அழகாகத் தெரிகிறது. விளக்கு வைத்ததும் தளம் முழுவதும் ஒரே வெளிச்சமாக, வெள்ளைத் தாள்போல ஆகிவிடுகிறது. விளக்கின் திறனைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை என்கிறார். நார்மலை எப்படி உருவாக்குவது, அதை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் செய்ய வேண்டுமா என்பவை அவருடைய மற்ற இரண்டு கேள்விகள்.

இதே இடத்தில் நானும் ஓர் இரவு முழுவதும் விழித்திருக்கிறேன். தீபாவளியையொட்டி இங்கே பினாங்கில் ஒரு பேரங்காடியின் கூடத்தில் வண்ண அரிசியால் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். அதன் பின்னால் இருந்த திரையில் அதே கோலம் புடைப்புச் சிற்பம்போல எழுந்து அடங்க வேண்டும், ஒரு குத்துவிளக்கின் ஒளி அதைச் சுற்றி வர வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட வேலை. கோலம் எழுந்தது, அடங்கியது, விளக்கும் சுற்றியது. ஆனால் வெளிச்சத்தில் இம்மியளவும் மாற்றமில்லை. நான் இரண்டாவது விளக்கை வைத்தேன், மூன்றாவதை வைத்தேன், திரை வெளுத்ததுதான் மிச்சம். கூடத்துக்கு மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "விளக்கு எங்க போனாலும் கோலம் ஒரே மாதிரியா இருக்கே தம்பி, அதுக்கு விளக்கு இருக்கறதே தெரியல போல" என்றார். கணினி வரைகலை பற்றி எதுவும் அறியாத அவர் சொன்னதுதான் மிகச் சரியான விளக்கம்.

மெஷ்ஷின் மீது விழும் வெளிச்சத்தைக் கணக்கிடும் ஷேடருக்கு, அந்த மெஷ்ஷின் வடிவம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொரு வெர்டெக்ஸுடனும் எழுதி வைக்கப்பட்டிருக்கும் நார்மல் என்ற திசை மட்டுமே, அதாவது அந்த இடத்தில் பரப்புக்குச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நீளம் 1 உள்ள வெக்டர். லாம்பர்ட் என்ற அறிவியலாளர் 1760இல் எழுதிய விதிப்படி, பளபளப்பில்லாத பரப்பு ஒன்றின் வெளிச்சம் இந்த நார்மலுக்கும் விளக்கு இருக்கும் திசைக்கும் இடையிலான கோணத்தின் கொசைனைப் பொறுத்தது. ஷேடரில் அது இரு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம். தட்டையான தளத்தை உருவாக்கியபோது எல்லா நார்மல்களும் நேராக மேல்நோக்கி, (0, 1, 0) என்று எழுதப்பட்டுவிட்டன. நீங்கள் ஷேடரில் புள்ளிகளின் இடத்தை மாற்றினீர்கள். நார்மலை மாற்றும்படி யாரும் சொல்லவில்லை, அதனால் அது மாறவில்லை. என் குத்துவிளக்கு தொலைவில் ஒரே உயரத்தில் சுற்றியதால், மேல்நோக்கிய நார்மலோடு அது எப்போதும் ஏறத்தாழ ஒரே கோணத்தில்தான் இருந்தது. அண்ணன் கண்டதும் அதைத்தான்.

எதையும் திருத்துவதற்கு முன் நார்மலையே நிறமாக வரைந்து பாருங்கள். ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணிக்கும் ஃபிராக்மென்ட் ஷேடரில் நார்மலை 0.5ஆல் பெருக்கி 0.5ஐக் கூட்டி, அதைச் சிவப்பு, பச்சை, நீலமாக வெளியே அனுப்பினால் போதும். மேல்நோக்கிய நார்மல் (0.5, 1, 0.5) என்ற வெளிர் பச்சையாகத் தெரியும். அலை அசையும்போதும் திரை முழுவதும் அதே வெளிர் பச்சையாக நின்றால் நோய் இன்னதென்று உறுதியாகிவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் விளக்கின் எண்களைத் திருகிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது.

இனி உருவாக்குவதற்கு வருவோம். அடிப்படை ஒன்றுதான்: முக்கோணத்தின் இரு விளிம்புகளைக் குறுக்குப் பெருக்கம் செய்தால் இரண்டுக்கும் செங்குத்தான வெக்டர் கிடைக்கும். அ என்ற புள்ளி (0, 0, 0), ஆ என்ற புள்ளி (0, 0, 1), இ என்ற புள்ளி (1, 1, 0) என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் திசையில் ஓரடி போனால் ஓரடி ஏறும் சரிவு இது. அ-விலிருந்து ஆ-வுக்குப் போகும் விளிம்பை, அ-விலிருந்து இ-க்குப் போகும் விளிம்போடு குறுக்குப் பெருக்கினால் (-1, 1, 0) வருகிறது. அதன் நீளம் 1.414, வகுத்து நீளத்தை 1 ஆக்கினால் (-0.707, 0.707, 0). உச்சியில் விளக்கு இருந்தால் புள்ளிப் பெருக்கம் 0.707, ஆகவே இந்தச் சரிவு சமதளத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு மங்கலாகத் தெரிய வேண்டும். பழைய நார்மலை வைத்திருந்தால் விடை 1. சரிவுக்கும் சமதளத்துக்கும் வேறுபாடே இராது. விளிம்புகளின் வரிசையை மாற்றிப் பெருக்கினால் நார்மல் தலைகீழாகிப் பரப்பு கறுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். முன்முகம் எது என்பதில் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை இல்லை: முன்னிருந்து பார்க்கும்போது முக்கோணத்தின் புள்ளிகள் ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தில் வழக்கமாக இடஞ்சுழியாகவும், டைரக்ட்3டி என்ற இன்னொன்றில் வலஞ்சுழியாகவும் வரிசைப்படும்.

ஒவ்வொரு முக்கோணத்துக்கும் இப்படி ஒரு நார்மல் கிடைத்தாலும், அதை அப்படியே பயன்படுத்தினால் பரப்பு பட்டை தீட்டிய கல்போல முகம் முகமாகத் தெரியும். அதை வழவழப்பாக்க, ஒரு வெர்டெக்ஸைத் தொடும் எல்லா முக்கோணங்களின் நார்மல்களையும் கூட்டிச் சராசரி எடுக்கும் முறையை யூட்டா பல்கலைக்கழகத்தில் ஹென்றி கூரோ 1971இல் காட்டினார். தம் மனைவியின் முகத்தில் கோடுகள் வரைந்து, அந்தப் பலகோணங்களை அளந்து அவர் அதைச் செய்து காட்டியது இந்தத் துறையின் பழங்கதை. அம்மையாரின் பொறுமையைப் பற்றி யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை. கூரோ வெர்டெக்ஸில் கணித்த வெளிச்சத்தை இடையில் பரப்பினார்; அடுத்து அதே பல்கலைக்கழகத்தில் புய் துவோங் ஃபொங் நார்மலையே இடையில் பரப்பி, ஒவ்வொரு பிக்சலிலும் வெளிச்சத்தைக் கணித்தார். நாம் இன்று செய்வது பெரும்பாலும் பின்னதுதான். அப்படிப் பரப்பும்போது நார்மலின் நீளம் குறைந்துவிடும் என்பதால் ஃபிராக்மென்ட் ஷேடரில் மறுபடியும் நீளத்தை 1 ஆக்குவது கட்டாயம்.

சராசரி எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குறுக்குப் பெருக்கத்தின் நீளம் முக்கோணப் பரப்பளவின் இரு மடங்கு. ஆகவே ஒவ்வொரு முக்கோணத்தின் நார்மலையும் முதலிலேயே நீளம் 1 ஆக்கிவிடாமல், கிடைத்தபடியே கூட்டி, இறுதியில் ஒரே ஒரு முறை நீளத்தைச் சரிசெய்தால், பெரிய முக்கோணத்துக்கு அதிக எடை தானாகவே கிடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடி முக்கோணங்கள் சராசரியைக் கெடுப்பதும் குறையும். வேலையும் குறைவு, விளைவும் நன்று. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. கனசதுரத்தின் ஒரு மூலையை நினைத்துப் பாருங்கள். அங்கே 3 முகங்கள் சந்திக்கின்றன; ஒவ்வொரு முகமும் 2 முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், மூலைவிட்டம் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒரு முகம் அந்த மூலையில் 2 முக்கோணங்களையும் மற்ற முகங்கள் ஒவ்வொன்றையும் தரக்கூடும். அப்போது கூட்டுத்தொகை (2, 1, 1) ஆகிறது. சரிசமமாக (0.577, 0.577, 0.577) என்று இருக்க வேண்டிய நார்மல் (0.816, 0.408, 0.408) என்று ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. முக்கோணம் அந்த மூலையில் அமைக்கும் கோணத்தை எடையாகக் கொண்டால் இந்தச் சாய்வு மறையும், ஏனெனில் 45 பாகையும் 45 பாகையும் சேர்ந்து அதே 90 பாகைதான். சீரான கட்டத் தளத்துக்குப் பரப்பளவு எடையே போதும். வெளியிலிருந்து வரும் ஒழுங்கற்ற மாடல்களுக்குக் கோண எடையை நான் விரும்புகிறேன்.

கனசதுரத்துக்குச் சராசரியே எடுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால் அதுவும் சரியே. எந்த விளிம்பு கூர்மை, எந்த விளிம்பு வழவழப்பு என்பதைக் கணிதம் சொல்லாது, செய்பவர்தான் சொல்ல வேண்டும். அதே தீபாவளி வேலையில் நான் செய்த குத்துவிளக்கு மாடலுக்கு எல்லா நார்மல்களையும் கூட்டிச் சராசரி எடுத்துவிட்டேன். தண்டின் வளையங்களும், திரி வைக்கும் முகங்களின் கூர் நுனிகளும் மழுங்கி, உச்சியில் இருந்த அன்னம் தண்ணீரில் கிடந்த சவர்க்காரம்போல ஆகிவிட்டது. அடுத்த நாள் லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடையின் முன் நின்று உண்மையான பித்தளை விளக்கைப் பார்த்தபோதுதான், பித்தளையைப் பித்தளையாகக் காட்டுவது அந்த வளையத்தின் விளிம்பில் சட்டென்று முறியும் ஒளிக்கோடுதான் என்பது புரிந்தது. முறிய வேண்டிய இடத்தில் வெர்டெக்ஸைப் பிரித்து, ஒரே இடத்தில் இரண்டு வெர்டெக்ஸ்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி நார்மல் தர வேண்டும். அதனால்தான் கூர்மையான கனசதுரத்துக்கு 8 அல்ல, 24 வெர்டெக்ஸ்கள். டச்டிசைனரில் ஃபேசெட் என்ற ஆபரேட்டர், இரு முகங்களுக்கு இடையிலான கோணம் நீங்கள் தரும் வரம்பைத் தாண்டினால் இப்படிப் பிரித்துக் கொடுக்கும். இதற்கு மறுபுறமும் உண்டு: உருளையைச் சுற்றி ஒட்டிய படத்தின் (டெக்ஸ்ச்சர்) இரு ஓரங்களும் சேரும் கோட்டில் வெர்டெக்ஸ்கள் ஏற்கெனவே இரட்டையாக இருக்கும், அங்கே நார்மலைச் சேர்த்துக் கூட்டாவிட்டால் மேலிருந்து கீழாக ஒரு தையல் தெரியும்.

உங்கள் அலைக்கு மேற்சொன்ன கூட்டல் எதுவும் தேவையில்லை என்பதை இப்போது சொல்லலாம். வெர்டெக்ஸ் ஷேடர் ஒரு நேரத்தில் ஒரு வெர்டெக்ஸை மட்டுமே பார்க்கிறது, பக்கத்து முக்கோணங்கள் அதன் கண்ணுக்கு எட்டாது. ஆனால் உயரத்தைத் தரும் நாய்ஸ் சார்பு உங்கள் கையிலேயே இருக்கிறது. புள்ளியின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும், முன்னும் பின்னும் சிறிது தூரம் தள்ளி அதே சார்பைக் கேட்டு 4 உயரங்களை வாங்குங்கள். இட உயரத்திலிருந்து வல உயரத்தைக் கழித்தது எக்ஸ், தள்ளிய தூரத்தின் இரு மடங்கு ஒய், பின் உயரத்திலிருந்து முன் உயரத்தைக் கழித்தது இசட். இங்கே முன் என்பது இசட் கூடும் பக்கம். இந்த வெக்டரின் நீளத்தை 1 ஆக்கினால் நார்மல் தயார். மேலே பார்த்த சரிவில் சோதித்தால் இட உயரம் -1, வல உயரம் 1, தள்ளிய தூரம் 1. விடை (-2, 2, 0), அதாவது அதே திசை. தள்ளும் தூரத்துக்குக் கட்டத்தின் இடைவெளியையே முதலில் வைத்துப் பாருங்கள். மிகவும் குறைத்தால் தசமத் துல்லியம் போதாமல் பரப்பில் மணல் தூவியதுபோலத் தெரியும், கூட்டினால் சிறிய அலைகள் அழிந்துபோகும். நாய்ஸுக்குப் பதிலாக சைன் அலை என்றால் இந்தச் சுற்றுவழிகூட வேண்டாம், வகைக்கெழுவை நேரடியாக எழுதிவிடலாம். வழவழப்பே வேண்டாம், முகம் முகமாகத் தெரிந்தால் போதும் என்றால் ஃபிராக்மென்ட் ஷேடரில் புள்ளியின் இடம் பக்கத்துப் பிக்சலுக்குள் எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் டிஎஃப்டிஎக்ஸ், டிஎஃப்டிஒய் (dFdx, dFdy) இரண்டையும் எடுத்துக் குறுக்குப் பெருக்கம் செய்துகொள்ளலாம். ஒரே வரி வேலை.

மெஷ்ஷை ஒரு திசையில் மட்டும் நசுக்கும் பழக்கம் இருந்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. (-1, 1, 0) என்ற நார்மல் உள்ள சரிவின் உயரத்தைப் பாதியாக்கினால் சரிவு தணிகிறது, ஆகவே நார்மல் இன்னும் நிமிர்ந்து (-1, 2, 0) திசைக்கு வர வேண்டும். புள்ளிகளை மாற்றிய அதே மேட்ரிக்ஸால், அதாவது எண்களின் அணியால், நார்மலையும் பெருக்கினால் (-1, 0.5, 0) என்று நேர்மாறாகச் சரிந்துவிடும். தலைகீழ் மேட்ரிக்ஸின் நிரை நிரல் மாற்று என்று பாடநூல்கள் சொல்வது இதற்குத்தான்: பாதியாக்கிய அச்சில் நார்மலை இரு மடங்காக்க வேண்டும்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் செய்ய வேண்டுமா என்றால், வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் வரை ஆம். மாறாத மாடலுக்கு ஒரு முறை கணித்துச் சேமித்துவிடுங்கள். என் கோலம் 200க்கு 200 கட்டம். 40,000 புள்ளிகள், 79,202 முக்கோணங்கள். அவசரத்தில் அலையை, டச்டிசைனரில் மெஷ்ஷைக் கையாளும் சாப் (SOP) ஆபரேட்டர்களுக்கு மாற்றி, அவற்றில் ஒன்றான அட்ரிபியூட் கிரியேட் வழியாக நார்மல் கணிக்க வைத்தேன். வெளிச்சம் சரியாக வந்தது, ஆனால் அவை வரைகலை அட்டையில் அல்லாமல் கணினியின் பிராசசரில் ஓடுபவை என்பதால் என் பழைய மடிக்கணினியில் அலை திக்கித் திக்கி நகர்ந்தது. பிறகு எல்லாவற்றையும் ஷேடருக்கே திருப்பிக் கொண்டுபோய், 4 உயரங்களை வாங்கும் முறையில் எழுதியதும் திக்கல் நின்றது. கோலத்தின் மையத்தில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி விடாமல் மினுங்கியது. அந்த வடிவத்தை வட்டமாக வளைத்திருந்தேன், அதனால் அண்டைப் புள்ளிகளின் உயரத்தை மட்டுமல்லாமல் முழு இடத்தையும் வாங்கிக் குறுக்குப் பெருக்கம் செய்திருந்தேன்; மையத்தில் அண்டைப் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுந்ததால் வெக்டரின் நீளம் 0 ஆகி, 0ஆல் வகுக்கும் நிலை வந்திருக்கிறது. நீளம் மிகச் சிறிதாக இருந்தால் (0, 1, 0) என்று வைத்துக்கொள் என ஒரு வரி சேர்த்தேன். கடை திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பு அந்தப் புள்ளி மறைந்தது.