பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் செய்த கடலடிக் காட்சியில் மீன்கள் காற்றில் மிதப்பது போல் தெரிகின்றன. எங்கே பிழை?

கேள்வியின் சுருக்கம்: கேட்டவர் ஃபைண்டிங் நீமோ பாணியில் ஒரு சிறு நகைச்சுவை அனிமேஷன் செய்கிறார். மாடல், நிறம் எல்லாம் சரியாக வந்திருக்கிறது. நீலப் பின்னணியும் குமிழிகளும் போட்டும், தண்ணீருக்குள் நடக்கும் உணர்வு வரவில்லை.

குமிழியும் நீல நிறமும் தண்ணீர் உணர்வைத் தருவதில்லை. காட்சியில் உள்ள எல்லாமே ஒரே நீரில் கிடந்து ஒன்றாக அசைவதுதான் அதைத் தருகிறது. 2003-இல் வெளிவந்த அந்தப் படத்துக்காக பிக்ஸார் குழு கடலடிக் காட்சிப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்து ஐந்து கூறுகளாக வகுத்துக்கொண்டது: ஒளி, மிதக்கும் துகள், அலையின் ஆட்டம், தூரம் கூடக் கூட வரும் கலங்கல், பிரதிபலிப்பும் ஒளி விலகலும். இவற்றில் ஆரம்பநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அலையின் ஆட்டத்தை. உங்கள் காட்சியிலும் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.

ஒரு எம்ப்டி (ரெண்டரில் தெரியாத, மற்றவற்றை இழுத்துச் செல்லும் வெற்றுப் பொருள்) சேருங்கள். அதன் எக்ஸ் லொகேஷனில் ஒரு கீஃபிரேம் வைத்து, கிராஃப் எடிட்டரில் பில்ட்-இன் ஃபங்ஷன் மாடிஃபையரைப் போட்டு சைன் தேர்ந்தெடுங்கள். ஒரு ஆட்டத்துக்கு 7 நொடி என்று வைத்தால், நொடிக்கு 24 ஃபிரேமில் அது 168 ஃபிரேம். ஆகவே ஃபேஸ் மல்டிப்ளையர் 0.0374. ஆம்ப்ளிட்யூட் 0.15 முதல் 0.3 மீட்டர் வரை போதும். மீன்களின் மாஸ்டர் கன்ட்ரோல், துகள்கள் எல்லாவற்றையும் இந்த எம்ப்டிக்கு பேரன்ட் செய்யுங்கள், அதாவது அதோடு சேர்ந்து நகரும்படி இணையுங்கள். பாறையையும் தரையையும் மட்டும் தொடாதீர்கள். செடிகளுக்கும் கடல் சாமந்திக்கும் அடி நிலையாக இருக்க வேண்டும், நுனி 8 முதல் 12 ஃபிரேம் பிந்தி ஆட வேண்டும். பாறையைப் பற்றியிருக்கும் நண்டு அசையாது, ஆனால் அதன் உணர்கொம்பு அசையும். அந்தச் சின்ன வேறுபாடு ஒன்றே பார்ப்பவரை நம்ப வைத்துவிடும்.

கேமராவையும் முழுதாக அதே எம்ப்டியில் கட்டினால் திரையில் மீன்கள் நின்றுவிடும், பாறைகள் ஆடும். கேமராவுக்குப் பாதி அளவு கொடுங்கள், அல்லது நிலையாகவே விடுங்கள். ஆழத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆழ்கடலில் 7 நொடி அலையின் நீளம் ஏறத்தாழ 76 மீட்டர். அதில் பாதி, அதாவது 38 மீட்டர் ஆழத்தில், மேற்பரப்பு ஆட்டத்தில் 4 சதவீதம்தான் மிஞ்சும். ஆகவே கதை ஆழமான பள்ளத்துக்குப் போனால் ஆம்ப்ளிட்யூடைக் கிட்டத்தட்ட பூஜ்யமாக்கிவிடுங்கள். பவளப்பாறைக்கும் பள்ளத்துக்கும் உள்ள மனநிலை வேறுபாடு அதிலேயே பாதி வந்துவிடும்.

அடுத்தது நிறம். மிஸ்ட் பாஸை (கேமராவிலிருந்து உள்ள தூரத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் ரெண்டர் அடுக்கை) எடுத்து நீலத்தோடு கலப்பதுதான் எல்லோரும் செய்வது. அது மூடுபனிதான், தண்ணீர் அல்ல. பனி எல்லா நிறத்தையும் சமமாக வெளுக்கச் செய்யும். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கும். தூய நீரில் 10 மீட்டர் கடந்தால் சிவப்பு ஒளியில் சுமார் 3 சதவீதம்தான் மிஞ்சுகிறது. பச்சையில் 57, நீலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மிஞ்சுகிறது. பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் இதை அப்படியே கொண்டுவரலாம். காட்சி முழுவதையும் மூடும் ஒரு கியூப் போட்டு, ஒளியை உறிஞ்சும் ஷேடரான வால்யூம் அப்சார்ப்ஷனில் டென்சிட்டி 0.35, நிறம் சிவப்பு 0.03, பச்சை 0.84, நீலம் 0.97 என்று கொடுங்கள். அதோடு ஒளியைச் சிதறடிக்கும் வால்யூம் ஸ்கேட்டரை ஆட் ஷேடரால் சேருங்கள்: டென்சிட்டி 0.03, அனைசோட்ரொபி (ஒளி முன்னோக்கிச் சிதறும் அளவு) 0.8.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, அளவு. மேலே சொன்ன எண்கள் ஒரு யூனிட் ஒரு மீட்டர் என்ற கணக்கில்தான் சரியாக வரும். 10 சென்டிமீட்டர் மீனை 2 யூனிட் நீளத்தில் செய்திருந்தால் காட்சி 20 மடங்கு பெரிது, ஆகவே இரண்டு டென்சிட்டியையும் 20-ஆல் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் மீனின் வாலே இருட்டில் மறைந்துவிடும். ஆட்டத்தின் ஆம்ப்ளிட்யூடையும் அப்படியானால் 20-ஆல் பெருக்குங்கள். இரண்டு, வால்யூமை கியூபில் போடாமல் வேர்ல்டில் (காட்சியின் பின்னணி அமைப்பில்) போடுவது. வேர்ல்ட் வால்யூமுக்கு எல்லை இல்லை என்பதால் சன் லைட் உள்ளே வந்து சேராது, காட்சி கறுத்துப்போகும். கியூபின் மேல் முகம்தான் உங்கள் கடல் மட்டம், சன் அதற்கு வெளியே இருக்கட்டும்.

ரெண்டர் நேரம் கட்டுப்படியாகாவிட்டால் மிஸ்ட் பாஸே போதும், ஆனால் மூன்று சேனலையும் பிரித்து, சிவப்பை 3 மீட்டரிலிருந்தே வேகமாகக் குறைத்து, பச்சையை நிதானமாகக் குறையுங்கள். இயற்பியலை இம்மி பிசகாமல் பின்பற்றவும் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் அழுக்குப் பழுப்பாகத்தான் தெரியும், முகபாவம் எடுபடாது. பிக்ஸார் குழு சோதனையாக நிஜக் கடல் போலவே காட்சிகளைச் செய்து பார்த்தது. அவை நிஜப் படப்பிடிப்பா அனிமேஷனா என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு வந்ததால், வேண்டுமென்றே கற்பனைப் பாணிக்குத் திரும்பினார்கள். கேமராவிலிருந்து முதல் 2 மீட்டருக்குள் நிறத்தைச் சுத்தமாக விடுங்கள், அதற்கப்பால் கடல் ஆளட்டும். நகைச்சுவையில் முகம்தான் முக்கியம்.

துகள்களில் ஒரே எச்சரிக்கை: சாதாரண எமிட்டரை (துகள்களை உமிழும் பொருளை) எம்ப்டிக்கு பேரன்ட் செய்தால், பிறந்துவிட்ட துகள்கள் அதோடு ஆடாது. ஜியாமெட்ரி நோட்ஸில் ஒரு கனத்துக்குள் புள்ளிகளைப் பரப்பி, அந்த ஆப்ஜெக்டையே பேரன்ட் செய்யுங்கள். 6 மீட்டர் பக்கமுள்ள பெட்டிக்கு மூவாயிரம் துகள், ஒவ்வொன்றும் அரை முதல் 2 மில்லிமீட்டர். மழைத்துளி போல விழக் கூடாது.

மேற்பரப்பு அலைகள் ஒளியைக் குவித்துத் தரையில் வரையும் அந்த வலைப்பின்னல் ஒளிக்கு, ஸ்பாட் லைட்டின் நோட்ஸில் 4டி வொரொனாய் டெக்ஸ்சர் (செல் போன்ற கட்டங்களை வரையும் வடிவம்) இரண்டு, ஒன்று எஃப்1, மற்றது ஸ்மூத் எஃப்1, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் போடுங்கள். நான்காம் பரிமாணமான டபிள்யூ மதிப்பை அனிமேட் செய்தால் வலை நெளியும். சிலர் இதைத் தரையின் மெட்டீரியலில் போடுகிறார்கள். அப்போது பாறை நிழலுக்குள்ளும் ஒளி நெளியும், மீனின் முதுகிலோ எதுவும் விழாது. விளக்கிலிருந்து வந்தால் மீன் கடக்கும்போது அந்த வலை அதன் முதுகில் வழுக்கிப் போகும். ஆழம் கூடக் கூட வலையைக் கலங்கலாக்கி, மங்கவிடுங்கள்.

இனி அசைவு. தண்ணீர் என்றாலே எல்லாவற்றையும் ஸ்லோமோஷனில் விடுகிறார்கள். மெதுவாக இருக்க வேண்டியது தானாக நகராத பொருள்கள்தான்: செடி, துகள், மிதக்கும் குப்பை. மீன் அப்படி அல்ல. மிரண்ட மீன் உடலை அரைவட்டமாக வளைத்துப் பாய்வது பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், அதாவது உங்களுக்கு இரண்டு ஃபிரேம். திடுக்கிடும் நகைச்சுவைக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. நிற்கும்போது மட்டும் சட்டென்று நிற்காது: மார்புத் துடுப்புகளை முன்னால் விரித்து, அரை உடல் நீளம் வழுக்கி நிற்கும், வால் 4 முதல் 6 ஃபிரேம் பிந்தி அடங்கும். அந்த வழுக்கலை விட்டுவிட்டால் மீன் கம்பியில் தொங்கும் பொம்மையாகிவிடும்.

எல்லா மீனுக்கும் ஒரே நீச்சல் சுழற்சியைக் கொடுக்காதீர்கள். கோமாளி மீன் துடுப்பை முன்னும் பின்னும் படகு வலிப்பது போல வலித்து, உடலையும் நெளிக்கும். டோரி வகையான நீல மீன் உடலை விறைப்பாக வைத்துத் துடுப்பை மேலும் கீழும் அடிக்கும். அந்தப் படத்துக்கு மீன் அசைவியல் அறிஞர் ஆடம் சம்மர்ஸ் ஆலோசகராக இருந்து, அனிமேட்டர்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தினார். இரு மீன்கள் அருகருகே பேசும் காட்சியில் இந்த வேறுபாடே குணச்சித்திரமாகிறது.

குமிழி போட்டே ஆக வேண்டுமென்றால் ஃபிரேமுக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஏறட்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் பெரிதானவை தட்டையாகி, வளைந்து வளைந்து ஏறும். மீன் மூச்சு விட்டால் குமிழி வராது.

சோதிக்கும் வழி: நிறம், விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, சாம்பல் நிறத்தில் 10 நொடி பிளேபிளாஸ்ட் (முழு ரெண்டர் இல்லாத விரைவு முன்னோட்டம்) எடுங்கள். அதிலேயே தண்ணீர் தெரியாவிட்டால் வால்யூமில் கைவைக்க வேண்டாம், ஆட்டத்துக்கும் நுனிகளின் பிந்தலுக்கும் திரும்பிப் போங்கள். யூடியூபில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் துகள்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அளவைக் கூட்டுங்கள். பொடித் துகள்கள் கம்ப்ரஷனில் கரைந்து, கட்டம் கட்டமாகப் பிசிறடிக்கும்.