கலைக்கு நகராட்சிப் பணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சாலைக்கும் தண்ணீருக்குமே பணம் போதவில்லை என்கிறது நகர நிர்வாகம். கலைக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

பதில்: பொது நிதியிலிருந்து எடுத்தால் நீங்கள் சொல்கிற சிக்கல் வரத்தான் செய்யும். பற்றாக்குறை வந்தால் முதல் வெட்டு கலைக்குத்தான் விழும். அதனால் சில நகரங்கள் கலைக்கென்றே தனி வரவை ஒதுக்கி வைத்தன. சான் பிரான்சிஸ்கோ 1961 முதல் ஓட்டல் அறை வரியில் ஒரு பங்கைக் கலைக்குழுக்களுக்குக் கொடுத்து வருகிறது. வெளியூர்க்காரர்கள் கட்டும் வரி என்பதால் உள்ளூரில் யாருக்கும் பாரமில்லை. ஆனால் 2020-ல் தொற்று வந்து ஓட்டல்கள் காலியானதும் அந்த வரவு படுத்துவிட்டது.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மக்கள் 2012-ல் வாக்களித்து வேறொரு வழியை ஏற்றார்கள். வருமானமுள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 35 டாலர் கலை வரி கட்ட வேண்டும். ஏழைகளுக்கு விலக்கு உண்டு. அந்தப் பணம் முதலில் தொடக்கப் பள்ளிகளின் கலை ஆசிரியர் சம்பளத்துக்குப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பிள்ளைகள் பாடவும் வரையவும் கற்காத ஊரில் நாளைக்கு அரங்குக்கு யார் வருவார்கள்?

கேள்வி: புதுக் கட்டடத்தின் முன்னால் சிலை வைப்பதையும் கலை ஆதரவு என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். கட்டுமானச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைப்படைப்புக்கு ஒதுக்கும் முறையை அமெரிக்காவில் 1959-லேயே ஃபிலடெல்ஃபியா தொடங்கியது. சியாட்டில் 1973-ல் சட்டமாக்கியது. சிற்பிக்கும் ஓவியருக்கும் இது நல்ல வழி. நாடகக்காரருக்கும் நாட்டியக்காரருக்கும் இதில் பெரிதாக ஒன்றும் வராது.

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் கொண்ட நாடகக் குழு. நகர மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும், ஐயா?

பதில்: முதலில், பணம் எப்போது கைக்கு வரும் என்று பாருங்கள். பல திட்டங்களில் நாம் செலவு செய்து ரசீது காட்டிய பிறகுதான் பணம் வரும். பெரிய அரங்குகள் சமாளித்துக்கொள்ளும். உங்களைப் போன்ற குழு வட்டிக்கு வாங்கி நாடகம் போட வேண்டியிருக்கும். பாதியையாவது முன்பணமாகத் தருவார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அடுத்தது வரவு செலவுத் தாள். மானியத் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து இப்படிப்பட்ட தாள்களை நிறையப் படித்திருக்கிறேன். சிறிய குழுக்களின் தாளில் ஒத்திகை இட வாடகைதான் மேலே நிற்கும். அப்புறம் விளக்கு, உடை, வண்டிக் கூலி. 'நடிகர்கள்' என்ற வரிக்கு நேரே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். உழைப்புக்குக் கூலி எழுதுங்கள். எழுதாவிட்டால், இவர்களுக்கு இவ்வளவு போதும் என்று அடுத்த ஆண்டும் அதே தொகையைத்தான் ஒதுக்குவார்கள்.

வாடகையைக் குறைக்க வழி இருக்கிறது. மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கூடங்களும் சமூகக் கூடங்களும் பல ஊர்களில் நகர நிர்வாகத்தின் கையில் இருக்கும். மானியத்தோடு சேர்த்து, ஒத்திகைக்கு ஒரு கூடத்தின் சாவியையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், சிறிய குழுவுக்குக் காசோலையைவிட அந்தச் சாவிதான் பெரிது. பொருளாகத் தரும் நகரமும் உண்டு. நியூயார்க் நகரம் 1978 முதல், மற்றவர்களுக்குத் தேவைப்படாத துணி, மரம், பெயின்ட் எல்லாவற்றையும் திரட்டிக் கலைக்குழுக்களுக்கும் பள்ளிகளுக்கும் இலவசமாகக் கொடுக்கிறது.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் வரை காத்திருக்காமல், இப்போதே மானியப் பிரிவு அலுவலரைப் போய்ப் பாருங்கள். போன ஆண்டு யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் அளவிலான குழுக்கள் இருந்தால் தைரியமாக விண்ணப்பியுங்கள். எல்லாம் பெரிய பெயர்களாக இருந்தால், விண்ணப்பத்தோடு உங்கள் வார்டு உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.