ஊர் மாறினால் குழலும் மாற வேண்டுமா?

கேள்வி: சென்னையில் கிளாரினெட் கற்ற என் மகள் இப்போது ஜெர்மனியில் மேற்படிப்பில் இருக்கிறாள். அவளுடையது பிரெஞ்சு வகை. "இங்கே ஆர்க்கெஸ்ட்ரா வேலை வேண்டுமானால் ஜெர்மன் வகைக்கு மாறு" என்கிறார்களாம். பத்து வருடப் பழக்கத்தை விடுவதா என்று போனில் அழுகிறாள். என்ன சொல்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அழுகை நியாயம்தான் அம்மா. பார்க்க இரண்டும் ஒரே கறுப்புக் குழல். ஆனால் விரல் வைக்கும் முறை, உள்துளை, மவுத்பீஸ் எல்லாம் வேறு. ஒலி எழுப்பும் நாணல் பட்டையான ரீடைக்கூட ஜெர்மனியில் பலர் இன்னும் நூல் சுற்றித்தான் கட்டுகிறார்கள். போதாக்குறைக்கு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு பி ஃபிளாட், ஏ என இரண்டு சுருதிகளில் இரண்டு குழல் வேண்டும், செலவும் இரட்டை.

சிமியோன் பெல்லிசன் என்ற கிளாரினெட் கலைஞரின் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். மாஸ்கோக்காரர், சிறுவயதிலேயே ராணுவ பேண்டில் வாசித்தவர். புரட்சிக்கால ரஷ்யாவிலிருந்து 1918இல் 'ஜிம்ரோ' என்ற ஆறு பேர் குழுவோடு கிளம்பி, சைபீரியா, சீனா என்று வாசித்துக்கொண்டே நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கே ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவிடம் யூத மெட்டுகளைக் கொடுத்து அந்தக் குழு எழுதி வாங்கிய 'ஓவர்ச்சர்' என்ற இசைத்துண்டைக் கிளாரினெட்காரர்கள் இன்றும் விடாமல் வாசிக்கிறார்கள். 1920 முதல் 1948 வரை நியூயார்க் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் கிளாரினெட் அவர்தான். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு வகை கோலோச்சிய அமெரிக்காவில் அவர் வாசித்தது ஜெர்மன் வகை! மாணவர்களையும் தன் குழலுக்கு இழுக்கவில்லை. அவரிடம் படித்த லியோன் ருசியனாஃப் பிரெஞ்சு வகையோடே பேர்பெற்ற ஆசிரியரானார்.

இதைக் கேட்டு "அப்போ நானும் மாற மாட்டேன்" என்று அவள் குதித்தால் தடுத்துவிடுங்கள். நியூயார்க் காட்டிய தாராளம் ஜெர்மனியில் கிடைக்காது. ஆள் தேவை அறிவிப்பிலேயே 'ஜெர்மன் வகை' என்று போடுவது அங்கே வழக்கம். தேர்வில் மொஸார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவை எவ்வளவு அழகாக வாசித்தாலும் அந்த வரி அழியாது.

அந்த நாட்டு ஆர்க்கெஸ்ட்ராதான் வேண்டுமென்றால், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே மாறட்டும். முதலில் இரவல் அல்லது வாடகைக் குழலில் ஒரு பருவம் பழகிப் பார்க்கலாம். படிப்பு முடிந்தபின் வேலை தேட விசாவில் கிடைப்பது 18 மாதம். புது விரல் பழக அது போதாது. இடம் கிடைத்தாலும் முதலில் சோதனைக் காலம், பிறகு சக கலைஞர்களின் வாக்கெடுப்பு என்று தாண்ட வேண்டியது இன்னும் இருக்கிறது. மனசு ஒப்பவில்லையா? பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்காவில் அவள் கையில் இருக்கும் குழலே செல்லும்.

எப்படி முடிவெடுத்தாலும், பழைய குழல்களை மட்டும் விற்க விடாதீர்கள்.